பிள்ளைக் காம்பரா இல்லாத கல்லூரி

எங்கள் எஸ்டேட்டில், காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம் உண்டு. அம்மாயி அதைப் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்லும். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது கூடவே வந்த சொல். காலையில் பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெண்கள் மலையேறுவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் நடுவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் அங்கே சேலைத் தூளியில் ஆடி வளர்ந்தவள்தான். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் இப்படி ஓர் இடம் இருந்தாக வேண்டும் என்பது 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்த விதி. அம்மாயிக்குச் சட்டமெல்லாம் தெரியாது, ஆயாவைத் தெரியும்.

2023 ஜூலையில், எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு தொடங்கிய வாரம், ஐந்து மாத வயிற்றோடு துறைத் தலைவர் அறை வாசலில் நின்றேன். அப்போதுதான் அந்தத் தகரக் கூரை ஞாபகம் வந்தது. கொழுந்து பறிக்கிறவளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று 70 வருஷத்துக்கு முன்பே யாரோ யோசித்திருக்கிறார்கள். படிக்கிறவளுக்கும் பிறக்கும் என்பது எங்கள் கல்லூரியில் யாருக்கும் தோன்றியதாகவே தெரியவில்லை. மலையிலேயே இருக்கும் கல்லூரிதான், பேர் வேண்டாம்.

என் கதை பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. பி.எஸ்சி. முடித்த கையோடு 21 வயதில் கல்யாணம். மேலே படிக்க வைப்பதாகப் பேச்சு, அதில் அவர்கள் தவறவும் இல்லை. வீட்டுக்காரர் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றும் பிக்-அப் ஓட்டுகிறார். பிள்ளையைப் படிப்பு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருவரும் இருந்தோம். அது பார்த்துக்கொள்ளவில்லை. முதல் வருஷம் இரண்டாம் செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நாள் தள்ளிப்போனது.

இந்த இடத்திலேயே முதல் தப்பைச் செய்தேன். தேர்வு முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். லைன் வீடுகளுக்கு வரும் நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தே, “எத்தன நாள் தள்ளிப் போயிருக்கு?” என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினால் பத்து வாரம். “இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா காசு போயிருக்கும் பொண்ணு” என்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கமாகத் தவணை தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். காசு போனால்கூடப் போகிறது. அந்தப் பதிவில் கிடைக்கும் பிக்மி எண் இல்லாவிட்டால் நம் ஊரில் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கவே அலைய வேண்டியிருக்கும். கல்லூரிப் பெண்கள் நிறைய பேர் தனியார் கிளினிக்கில் ஸ்கேன் பார்ப்பதோடு சரி, அரசுப் பதிவை மறந்துவிடுகிறார்கள். எங்கே பார்த்தாலும் சரி, நர்ஸம்மாவிடம் பேர் இருக்கட்டும். புகுந்த வீட்டில் பதிந்துவிட்டுப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்கள் போகும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அங்குள்ள செவிலியரிடம் விவரம் போய்விடும்.

வாந்தியைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதி என்ன ஆகப் போகிறது. வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பேருந்து, ஒன்றே கால் மணி நேரம், வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வரும். ஓட்டுநருக்கு இடப்பக்க முதல் இருக்கை, வெறும் வயிற்றோடு ஏறாமல் இரண்டு ரஸ்க், கையில் ஒரு எலுமிச்சம்பழம், இதுதான் எனக்கு உதவியது. நடத்துநர் அண்ணன் ஒருவர் மூன்றாம் நாளே புரிந்துகொண்டு அந்த இருக்கையில் தன் பையைப் போட்டு வைக்க ஆரம்பித்தார். நான் கேட்கவே இல்லை. அந்த வருஷம் எனக்கு வாய்விட்டுக் கேட்காமல் கிடைத்த உதவி அது ஒன்றுதான்.

கல்லூரியில் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் அன்பாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒரு மேடம், “ஒரு வருஷம் பிரேக் எடுத்துட்டு அப்பறம் வாயேன்மா, ஒடம்பு முக்கியம்” என்றார். இன்னொருவர், “கரஸ்ல பண்ணிக்கலாமே” என்றார். வேதியியல் செய்முறையைக் கரஸில் எந்த அடுப்பில் பண்ணுவது என்று அவருக்கும் தெரியாது. அலுவலகத்தில் ஒரு அண்ணன் குரலைத் தாழ்த்தி, நல்லெண்ணத்தோடுதான், “டைபாய்டுன்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துரு. கண்டோனேஷன் கட்டினா முடிஞ்சுது. பிரெக்னன்சின்னு எழுதினா ஆயிரம் கேள்வி வரும்” என்றார். கண்டோனேஷன் என்பது வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கட்டணம்.

அந்த டைபாய்டு யோசனை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சுலபமான வழிதான். நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வருகை என்றால் 68 நாள் இருக்க வேண்டும், 22 நாள் போகலாம். கண்டோனேஷன் கட்டி 65 வரை இறங்கினால் 59 நாள், அதாவது 31 நாள் விடுப்பு. மாதாந்திரப் பரிசோதனை, ஐந்தாம் மாத ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை, நவம்பர் மழையில் பாதை அடைபடும் நாட்கள் எல்லாம் சேர்த்தால் மூன்றாம் செமஸ்டர் எப்படியோ தேறிவிடும். ஆனால் பிள்ளை பிறந்த பிறகு வரும் நான்காம் செமஸ்டருக்கு இன்னொரு டைபாய்டா வரும்? அதோடு, டைபாய்டு என்று எழுதிவிட்டால் நாளைக்கு, “நான் பிள்ளைத்தாய்ச்சி, எனக்குத் தேர்வறையில் கீழ்த்தளத்தில் இடம் வேண்டும்” என்று எந்த வாயால் கேட்பது?

அந்த மே மாதம் செய்தித்தாளில் படித்த ஒன்று மனதில் கிடந்தது. மீரட்டில் எம்.எட். படித்த ஒரு பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு மறுத்துவிட்டார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக, 59 நாள் விடுப்பைக் கணக்கில் எடுத்து அவர் வருகைப் பதிவை மறுபடி பரிசீலிக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு நீதிமன்றம் சொன்னது. படிப்பா பிள்ளையா என்று ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வைக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதைத் தேடிப் போனபோது பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, 2021 டிசம்பரில் எல்லாத் துணைவேந்தர்களுக்கும் எழுதிய கடிதம் கண்ணில் பட்டது. பி.எச்டி. பெண்களுக்குப் படிப்புக் காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை விடுப்பு ஏற்கெனவே விதியில் இருக்கிறது. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப் பதிவில் தளர்வு, தேர்வு விண்ணப்பம் கொடுக்கும் தேதியில் நீட்டிப்பு போன்றவற்றுக்கு விதி வகுத்துக்கொள்ளுங்கள் என்கிறது கடிதம். வகுத்துக்கொள்ளுங்கள் என்கிறதே தவிர வகுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதில்தான் எல்லாரும் நழுவுகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில், மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் 18 வயது முடிந்த மாணவிகளுக்கு 60 நாள் என்று முடிவெடுத்துவிட்டது. கூடலூரில் நின்று கல்லெறிந்தால் விழுகிற மாநிலம், அங்கே இருக்கிறது.

மூன்றையும் அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்து கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது மூன்று பக்கம், எல்லாம் அழுகை. அம்மாயி பிழைப்பு, அம்மா பிழைப்பு, வீட்டில் முதல் பட்டதாரி என்று. ஆய்வக உதவியாளர் அக்கா ஒருவர் படித்துவிட்டு, “இதப் படிச்சா பாவம்னு தோணுது. ஆனா நீ என்ன கேக்கறன்னு தெரியலயே” என்றார். அவர் சொன்னபடி கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினேன். மருத்துவர் சொன்ன பிரசவத் தேதி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர இயலாது. அந்த நாட்களை மகப்பேறு விடுப்பாகக் கருதி வருகைப் பதிவில் தளர்வு. தவறிய இன்டர்னல் தேர்வுக்கு மாற்றுத் தேதி. தேர்வறை கீழ்த்தளத்தில், பெஞ்சுக்குப் பதில் மேசை நாற்காலி. தேர்வு நேரத்தில் கழிவறைக்குப் போக அனுமதி. ஆய்வகத்தில் சில வேதிப்பொருட்களிலிருந்து விலக்கு. இணைப்பு: யூஜிசி கடிதம், மகப்பேறு அட்டையின் நகல்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரையும், கடிதம் வந்ததைப் பதிவேட்டில் ஏற்றித் தரும் இன்வர்டு எண்ணும் வாங்கிக்கொண்டேன். அந்த அண்ணன் முத்திரை போடத் தயங்கினார். “நானே சார்கிட்ட சொல்லிடறேன், இதெல்லாம் எதுக்கு” என்றார். சொல்லியிருப்பார்தான். ஆனால் அக்டோபரில் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். என் கையில் முத்திரை போட்ட தாள் இருந்தது. “யாரும் எதுவும் சொல்லலையே” என்று அவர் தொடங்கியதும் தாளைத்தான் நீட்டினேன். வாயால் வாங்கிய உறுதியெல்லாம் அந்த ஆள் இருக்கும்வரைதான். அதன் பிறகு எந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டாலும் முதலில் இன்வர்டு எண் வாங்கினாயா என்றுதான் கேட்கிறேன்.

கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. வருகைப் பதிவில் தளர்வு உண்டு, கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். மாற்று இன்டர்னலைத் துறையே முடிவு செய்துகொள்ளலாம். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. கட்டணம் ஏன் கட்ட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நான் வராமல் இருந்தது குற்றமா? சண்டை போடத் தெம்பில்லாமல் கட்டிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று உறுத்தியது. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மேடத்துக்கு இரண்டு பிள்ளைகள். தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு 12 மாதம். நல்ல விஷயம், யாருக்கும் குறையக் கூடாது. ஆனால் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒரு வருஷமும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்குக் கண்டோனேஷன் ரசீதுமா? வயிறு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானே வளர்கிறது.

ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. அறிவியல் படிக்கும் பெண்கள் நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே, வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தாலும், ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும். பென்சீன், குளோரோஃபார்ம், பாதரசம், காட்மியம், ஈய உப்புகள் இவையெல்லாம் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பக்கத்தில் போகக் கூடாதவை. விலங்கியல்காரர்களுக்கு ஃபார்மலின். எங்கள் ஆய்வகத்தில் நச்சுப் புகையை வெளியே இழுக்கும் புகைக்கூண்டு ஒன்று உண்டு, அதன் விசிறி நான் சேர்ந்த நாளிலிருந்தே சுற்றிப் பார்த்ததில்லை. அதிர்ஷ்டவசமாக மூன்றாம் செமஸ்டரில் பாதி இயற்பியல் வேதியியல். கடத்துதிறன் அளப்பது, மின்னழுத்த முறையில் தரம் பார்ப்பது எல்லாம் நீர்த்த அமிலத்தோடு முடிந்துவிடும். அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். கரைப்பான் காய்ச்சும் வேலையை என் ஜோடி எடுத்துக்கொண்டாள், பதிலுக்கு அவளுடைய வரைபடங்களையும் கணக்குகளையும் நான் போட்டேன். இன்னொன்று, திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாயான பைப்பெட்டை வாயால் உறிஞ்சுவது. பல கல்லூரிகளில் இன்னும் அப்படித்தான். யாருமே செய்யக் கூடாதது, வயிற்றுப் பிள்ளைக்காரி கனவிலும் செய்யக் கூடாது. ரப்பர் பல்பு விலை அதிகமில்லை, நானே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ஆய்வகக் கோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் கல்லூரியிலேயே விட்டுவிடுவேன்.

தேர்வு நவம்பர் 6-ம் தேதி தொடங்கியது, பிரசவத்துக்குச் சொன்ன தேதி 28. ஐந்து தாளையும் எழுதிவிட்டுத்தான் போவேன் என்று எல்லாரிடமும் சவால் விட்டிருந்தேன். நவம்பரில் எங்கள் பக்கம் மண் சரியும். 2009 நவம்பரில் மலையே பெயர்ந்து வந்ததை அம்மா இன்னும் சொல்லும். அதனால் மாதத் தொடக்கத்திலேயே டவுனில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டேன். அரசு மருத்துவமனை பத்து நிமிடம். இது நான் எடுத்த முடிவுகளிலேயே உருப்படியானது. மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் தேதிக்கு முந்தைய வாரங்களைப் பெரிய ஊரில் கழிப்பது நல்லது. சொந்தம் இல்லாதவர்களுக்கு மலைப் பகுதிகளில் சில அரசு சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது, நர்ஸம்மாவைக் கேட்டால் எது பக்கம் என்று சொல்வார்.

மூன்று தாள் எழுதினேன். கேட்டபடி கீழ்த்தளம், மேசை நாற்காலி. கண்காணிப்பாளர் அரை மணிக்கொருமுறை வந்து, “ஓகேயாம்மா?” என்று கேட்டது எனக்குத்தான் கவனத்தைச் சிதறடித்தது. 16-ம் தேதி சாயங்காலம் தலைவலி, காலும் முகமும் வீங்கியிருந்தன. தூக்கம் இல்லாததால் என்று நினைத்துப் புத்தகத்தைத் திறந்தேன். சித்திதான் பிடிவாதமாகக் கூட்டிப் போனது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல் வயிற்றில் வலி, பிள்ளை அசைவு குறைவது, ரத்தம் படுவது, இவற்றில் எது வந்தாலும் ஹால் டிக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நான் இன்னும் ஒரு நாள் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மறுநாள் 17-ம் தேதி மகள் பிறந்தாள். நான்காம் தாள் நடந்துகொண்டிருந்த நேரம்.

விட்ட இரண்டு தாளையும் ஏப்ரலில் அரியராக எழுதினேன். அரியர்! பிள்ளை பெற்றதற்கு. அதை இரண்டாம் முயற்சி என்றுதான் கணக்கில் எடுப்பார்கள், தரவரிசையில் பேர் வராது. நான் முதல் மூன்றுக்குள் வந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வந்திருக்கலாம். இதைக் கடிதத்தில் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தேர்வு நடுவில் பிரசவம் ஆனால் மீதித் தாள்களை அடுத்த முறை எழுதும்போது முதல் முயற்சியாகக் கருத வேண்டும் என்று, முடியுமோ முடியாதோ, ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

102 வண்டியில் இலவசமாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு டிசம்பர், உறைபனி, கரி அடுப்பு, இரவு முழுக்க அழுகை. பிள்ளை மட்டுமல்ல, நானும். மூன்றாம் வாரம் காரணமே இல்லாமல் அழுதேன். பிள்ளை முகத்தைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை, அதுதான் பயம். மாமியார், “காத்து கருப்பு” என்று கயிறு கட்டினார். அன்பில் கட்டியதுதான், நான் அவிழ்க்கவில்லை. தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸம்மாவிடம் சொன்னேன். அவர் 14416 என்ற எண்ணைக் கொடுத்தார், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன், ஒரு பெண் தமிழில் பேசினார். நாற்பது நிமிடம். “இது உங்க தப்பு இல்லம்மா, பிரசவத்துக்கு அப்பறம் வர்றதுதான். ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா டாக்டர் பாக்கணும்” என்றார். பார்த்தேன். கயிறும் இருந்தது, மாத்திரையும் இருந்தது.

ஜனவரி கடைசியில் கல்லூரிக்குத் திரும்பினேன். பிள்ளைக்கு எழுபது நாள். யாரிடம் விடுவது? பால்வாடியில் இரண்டு வயது ஆக வேண்டும். மாமியார் அடுத்தவர் தோட்டத்தில் தினக்கூலி, அது நின்றால் அடுப்பு நிற்கும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதற்கு இரண்டு வயது ஆகும் வரைக்கும் படிக்கிற பெண்ணுக்கு எங்கள் பக்கம் எதுவுமே இல்லை. கடைசியில் அம்மாதான் எஸ்டேட் ஆயாவிடம் பேசியது. சட்டப்படி அந்த இடம் தொழிலாளியின் பிள்ளைக்கு. பேத்திக்கு இல்லை. “ஒன் புள்ளன்னு எழுதிக்கறேன் போ” என்று ஆயா அம்மாவிடம் சொல்லிவிட்டது. ஐம்பது வயதில் எங்கம்மாவுக்குக் கைப்பிள்ளை என்று பதிவேட்டில் இருப்பதைக் கிளார்க் பார்த்திருப்பார்தான். கண்டுகொள்ளவில்லை. நான் ஆடிய அதே கம்பியில் என் மகளுக்குத் தூளி.

பால்தான் பெரும் பாடு. முதல் நாள் பதினோரு மணி வகுப்பில் துப்பட்டா நனைந்துவிட்டது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆய்வக அக்கா வேதிப்பொருள் கிடங்கின் சாவியைக் கொடுத்தார், அந்த வாடையில் பாலை எடுத்து என்ன செய்ய. அப்புறம் நாட்டு நலப்பணித் திட்ட அறையின் சாவியை அவரே எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தார். பழைய பேனர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி, உள்பக்கத் தாழ்ப்பாள். எனக்கு அது போதும். கையாலேயே பீய்ச்சி எடுக்க மருத்துவமனையில் சொல்லித் தந்திருந்தார்கள், பம்ப் வாங்கவில்லை. கொதிக்க வைத்த சின்ன எவர்சில்வர் தூக்கில் எடுத்து மூடி வைப்பேன். எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் வரை தாங்கும், குளிர்பெட்டியில் நான்கு நாள். சூடு பண்ண அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைக்க வேண்டும். ஆயாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை, “எடுத்து வச்ச பாலு குடுத்தா வயித்தால போவும்” என்றது. பாலாடையில் ஊற்றிப் பிள்ளை சப்புக்கொட்டிக் குடிப்பதைப் பார்த்த பிறகுதான் சமாதானம் ஆனது. பாலை எடுக்காமல் விட்டு மார் கட்டி, காய்ச்சல் வந்து மூன்று நாள் வகுப்பு போனதும் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் எடுத்துவிடுங்கள், எந்த செமினார் நடந்தாலும் சரி.

பிப்ரவரியில் ஒரு நல்ல காரியம் நடந்தது, பட்ஜெட்டில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணத்தை மலைப் பகுதிக்கும் அறிவித்தார்கள். அதுவரை நாளுக்கு இரண்டு பேருந்துக்கும் போக வரக் காசு. மிச்சமான காசில் ஸ்வெட்டர் வாங்கினோம்.

இதெல்லாம் கல்யாணம் ஆனவள் கதை. விடுதியில் இருந்த ஒரு பெண் ஒருநாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறாள், எப்படிச் சாப்பிடுவது என்று என்னைக் கேட்கிறாள். விடுதி அறையில் தனியாக அதை விழுங்கிவிட்டு ரத்தப்போக்கு நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். கருக்கலைப்பு சட்டப்படி செய்யக்கூடியதுதான். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் சட்டத்தில் அதே இடம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. 18 வயது முடிந்தவருக்கு அம்மா அப்பா கையெழுத்தோ அந்தப் பையன் கையெழுத்தோ தேவையில்லை. அந்தப் பெண்ணின் பேரை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்பதும் சட்டம். பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு, அதில் நான் வாயைத் திறக்கவில்லை. எதுவானாலும் அரசு மருத்துவமனைக்குக் கூடப் போக ஓர் ஆள் வேண்டும் என்றாள், போனேன். அடி உதை, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181.

பிரசவ வார்டில் ஒன்று. அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட என்ன வேண்டும் என்று அங்கேயே பேசுவார்கள். வலியில் கிடக்கும்போது கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டத்தான் தோன்றும். ஏழாம் எட்டாம் மாதத்திலேயே வீட்டுக்காரரோடு பேசி முடிவு பண்ணிக்கொண்டு போனால் நல்லது. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, மாத்திரை எல்லாமே அரசில் இலவசம். நான் ஊசி போட்டுக்கொண்டேன்.

நான்காம் செமஸ்டரில் புராஜெக்ட். என் வழிகாட்டி சார் ஆய்வக வேலையை வாரம் இரண்டு நாளாகச் சுருக்கிக்கொண்டு, மீதியை வீட்டிலிருந்து எழுதித் தரச் சொன்னார். தூளியின் கயிற்றைக் காலில் கட்டி ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்தேன். ஏப்ரலில் அந்தச் செமஸ்டர் தாள்களும் இரண்டு அரியரும் சேர்த்து எழுதினேன். எல்லாம் தேறின.

கடைசி நாள் கருத்துப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். நூலகம் எப்படி, கேண்டீன் எப்படி என்று கட்டம் போட்டுக் கேட்டிருந்தது. பின்பக்கத்தில் கையால் எழுதினேன்: பால் கொடுக்கும் பெண்களுக்கு உள்தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட். போன மாதம் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி போன் பண்ணியிருந்தாள், ஏழு மாதம். கடிதத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். அந்த நலப்பணித் திட்ட அறை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பூட்டிக் கிடக்கிறதாம். அக்கா ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லையாம்.